ஆறு கேபினெட் ஃபேன், ரெண்டே ரெண்டு ஹெடர்: எதை எங்க மாட்டுறது

தம்பி, உன் கேள்வியை முதல்ல நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்லிடுறேன், தப்பா இருந்தா சொல்லு. புதுசா வாங்கின கேபினெட்டோட முன்னாடி 3, பின்னாடி 1ன்னு நாலு 120 எம்எம் ஃபேன் வந்திருக்கு, மேல போட நீ தனியா ரெண்டு பிடபிள்யூஎம் ஃபேன் (4 பின் வச்சது) வாங்கி வச்சிருக்க. மதர்போர்டுல ஃபேன் வயரை சொருகுற பின் வரிசைக்கு தான் ஹெடர்னு பேர், உன் போர்டுல சிபியு ஃபேன் ஹெடர் போக மிச்சம் இருக்கிறது கேபினெட் ஃபேனுக்கான சிஸ் ஃபேன் ஹெடர் ரெண்டே ரெண்டு. அசெம்பிள் பண்ணவர் கேபினெட்டோட வந்த நாலையும் எஸ்எம்பிஎஸ்ல, அதாவது பவர் சப்ளைல இருந்து வர்ற பெரிய மோலெக்ஸ் கனெக்டர்ல சொருகி விட்டுட்டார், ஆன் பண்ணா மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம், பயாஸ்ல (போர்டோட செட்டிங் ஸ்க்ரீன்) எதை மாத்தினாலும் ஒண்ணும் நடக்கல, வீட்ல திட்டு விழுது. ஆறு ஃபேனுக்கு ஹப் (நிறைய ஃபேனை ஒரே இடத்துல சொருகுற பெட்டி) வாங்கணுமா, வாங்கினா எதுன்னு கேக்குற.

ஹப் வேணாம். ஒரு 1க்கு 3 ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு ஹெடரை மூணு ஃபேனுக்கு பிரிக்கிற வயர், ஒரு 1க்கு 2 ஸ்ப்ளிட்டர், ரெண்டும் சேத்து சில நூறு ரூபாய்ல முடிஞ்சுடும். ஆறாவது ஃபேனும் வேணாம், அது ஏன்னு கீழ வரேன்.

மோலெக்ஸ்ல சொருகினா ஏன் கத்துதுன்னா, அந்த வயர்ல வர்றது எப்பவும் 12 வோல்ட், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. உன் ஃபேன் 1200 ஆர்பிஎம் ஃபேனா இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு நீ சும்மா யூடியூப் பாத்தாலும் அது 1200ல தான் ஓடும். போர்டுக்கு அப்படி ஒரு ஃபேன் இருக்கிறதே தெரியாது, அதனால பயாஸ்ல நீ தலைகீழா நின்னாலும் ஒண்ணும் ஆகாது. இதுல ரெண்டு விஷயத்தை மனசுல தனித்தனியா பிரிச்சு வச்சுக்கோ, ஃபேனுக்கு கரண்ட் எங்கிருந்து வருது, எவ்ளோ வேகமா ஓடுன்னு யார் சொல்றாங்க. பாதி குழப்பம் இந்த ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறதால தான் வருது.

சைடு பேனலை கழட்டி முதல்ல ஒண்ணு பாரு. கேபினெட் ஃபேன்ல இருந்து வர்ற வயர்ல அந்த பெரிய வெள்ளை மோலெக்ஸ் பக்கத்துலயே சின்னதா கருப்பா ஒரு 3 பின் கனெக்டர் தொங்குதான்னு பாரு, நிறைய பட்ஜெட் கேபினெட்ல ரெண்டும் குடுத்திருப்பான், சின்னதை வயரோட சேத்து டை போட்டு மடிச்சு வச்சிருப்பான், அவசரத்துல அசெம்பிள் பண்றவங்க பெரிசு கண்ணுல பட்டதும் அதை மாட்டிட்டு போயிடுவாங்க. அது இருந்தா உன் பிரச்சனையில முக்கால்வாசி தீந்துச்சு, மோலெக்ஸை கழட்டிட்டு சின்னதை போர்டுக்கு கொண்டு போ. ஒரு எச்சரிக்கை, ரெண்டையும் ஒரே நேரத்துல மாட்டிடாத, எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டும் போர்டு ஹெடர் வோல்டேஜும் ஃபேன் வயர் வழியா ஒண்ணோட ஒண்ணு முட்டும், ஹெடருக்கு தான் ஆபத்து.

இப்ப 3 பின், 4 பின் கதை. 3 பின்ல ஒண்ணு கிரவுண்ட், ரெண்டாவது 12 வோல்ட், மூணாவது டேக்கோ, அதாவது ஃபேன் ஒரு சுத்து சுத்தினா ரெண்டு தடவை துடிச்சு காட்டுற வயர், அதை எண்ணித்தான் போர்டு உனக்கு ஆர்பிஎம் காட்டுது. இந்த ஃபேனை மெதுவா ஓட வைக்கணும்னா ரெண்டாவது பின்ல வர்ற வோல்டேஜையே குறைக்கணும், பயாஸ்ல இதுக்கு டிசி மோடுன்னு பேர். 4 பின்ல நாலாவதா ஒரு சிக்னல் வயர் கூடுதலா இருக்கு, பிடபிள்யூஎம்ங்கிறது இது தான், 12 வோல்ட் முழுசா எப்பவும் போயிட்டே இருக்கும், நாலாவது வயர்ல செகண்டுக்கு 25,000 தடவை ஆன் ஆஃப் ஆகுற சிக்னல் வரும், அதுல ஆன் நேரம் எத்தனை சதவீதமோ அதுக்கு தகுந்த மாதிரி ஃபேனுக்குள்ள இருக்கிற சிப்பே மோட்டாரை ஓட்டிக்கும். 25 கிலோஹெர்ட்ஸ்ன்னு வச்சது காரணமா தான், மனுஷ காதுக்கு 20க்கு மேல கேக்காது, இல்லேன்னா ஃபேன் ஙொய்ங்னு பாடும்.

கலரை நம்பி வேலை செய்யாத. பழைய 3 பின் ஃபேன்ல கருப்பு, சிவப்பு, மஞ்சள் இருக்கும், அதுல சிவப்பு தான் 12 வோல்ட், மஞ்சள் டேக்கோ. 4 பின்ல கருப்பு, மஞ்சள், பச்சை, நீலம் வரும், இங்க மஞ்சள் தான் 12 வோல்ட், பச்சை தான் டேக்கோ. அதே மஞ்சள், ரெண்டு இடத்துல ரெண்டு வேலை. இப்ப வர்றதெல்லாம் அழகுக்காக நாலு வயரும் கருப்பு, அதனால கலரை விட்டுட்டு பின் வரிசையை மட்டும் எண்ணு, கிரவுண்ட் எப்பவும் ஓரத்துல இருக்கிற முதல் பின்.

3 பின் ஃபேனை 4 பின் ஹெடர்ல தாராளமா மாட்டலாம், ஹெடர்ல இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பு அதை சரியான இடத்துல தான் உக்கார விடும், நாலாவது பின் மட்டும் வெளிய தனியா நிக்கும், அப்படித்தான் நிக்கணும். ஆனா அந்த ஹெடர் பயாஸ்ல பிடபிள்யூஎம் மோடுல இருந்தா உன் 3 பின் ஃபேனுக்கு முழு 12 வோல்ட் போகும், சிக்னலை கேக்க அதுக்கு காதே இல்ல, மறுபடியும் மிக்ஸி தான். அதனால அந்த ஹெடரை டிசி மோடுக்கு மாத்தணும். ஆட்டோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், பாதி நேரம் சரியா கண்டுபிடிக்கும், ஸ்ப்ளிட்டர் நடுவுல வந்துட்டா நான் அதை நம்புறதில்ல, கையாலயே செட் பண்ணிடுவேன்.

ஏன் ஹப் வேணாம்னேன்னா, உன் ஃபேன்ல நாலு 3 பின். மார்க்கெட்ல கிடைக்கிற சாதாரண ஹப் எல்லாம் கரண்டை எஸ்எம்பிஎஸோட சாட்டா பவர் வயர்ல இருந்து எடுத்துக்கும், போர்டுல இருந்து பிடபிள்யூஎம் சிக்னலை மட்டும் வாங்கி எல்லா போர்ட்டுக்கும் பங்கு போடும். 4 பின் ஃபேனுக்கு அது அருமையான சாமான். 3 பின்னை அதுல சொருகினா? சாட்டாவுல இருந்து நேரா 12 வோல்ட், மறுபடி ஃபுல் ஸ்பீடு. நான் இதுல மாட்டியிருக்கேன், ஒரு ஃபிரண்டு சிஸ்டத்துல அஞ்சு 3 பின் ஃபேனை ஹப்புல போட்டுட்டு ரெண்டு மணி நேரம் பயாஸ்ல கர்வ் (எவ்ளோ சூட்டுக்கு எவ்ளோ வேகம்ங்கிற கணக்கு) மாத்தி மாத்தி பாத்தேன், பயாஸ் அப்டேட் கூட பண்ணேன், அப்புறம் தான் உறைச்சுது. கடையில "பத்து போர்ட் ஹப்பு சார், எல்லா ஃபேனும் ஓடும்"னு குடுப்பாங்க. ஓடும், அவங்க சொல்றது பொய் இல்ல, கன்ட்ரோல் ஆகும்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

அடுத்த கேள்வி, ஒரு ஹெடர்ல எத்தனை ஃபேன் மாட்டலாம். எண்ணிக்கையை வச்சு சொல்லக்கூடாது, ஆம்பியரை வச்சு தான் சொல்லணும். சாதாரண சிஸ் ஃபேன் ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர் தாங்கும், அதாவது 12 வாட், உன் போர்டு மேனுவல்ல ஹெடர் பக்கத்துலயே போட்டிருக்கும், பம்ப்னு எழுதின ஹெடர் இருந்தா அது 2, 3 ஆம்பியர் கூட குடுக்கும். ஃபேன் நடுவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை பாரு, 0.15ஏ, 0.2ஏன்னு இருக்கும். மூணு ஃபேன், ஒவ்வொண்ணும் 0.2ன்னா 0.6 ஆச்சு, போதுமான இடைவெளி இருக்கு. ஃபேன் நின்ன நிலையில இருந்து கிளம்பும்போது ஒரு நொடி ஸ்டிக்கர்ல இருக்கிறதை விட நல்லாவே கூட இழுக்கும், அதனால 1 ஆம்பியர் ஹெடர்ல 0.7, 0.8க்கு மேல நான் போறதில்ல.

போனா என்ன ஆகும்னு கேட்டா, 2017ல சித்தப்பா பையன் சிஸ்டத்துல பாத்தேன். லெட் லைட் வச்ச ஃபேன், ஸ்டிக்கர்ல 0.3ஏ, ஸ்ப்ளிட்டர் வால்ல இன்னொரு ஸ்ப்ளிட்டர், அதோட வால்ல இன்னொண்ணுன்னு கோத்து ஆறையும் ஒரே ஹெடர்ல தொங்க விட்டிருந்தான். 1.8 ஆம்பியர். ரெண்டு மாசம் ஓடுச்சு, ஒரு நாள் கேம் நடுவுல லேசா ஒரு கருகல் வாடை, ஆறும் ஒண்ணா நின்னுடுச்சு. போர்டு தப்பிச்சுது, அந்த ஹெடர் மட்டும் அன்னையோட செத்துப்போச்சு, இன்னும் அந்த போர்டு ஓடுது, ஒரு ஹெடர் குறைவா.

ஸ்ப்ளிட்டர் வாங்கும்போது உத்துப் பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஃபேன் மாட்டுற பக்கத்துல ஒரு கனெக்டர்ல மட்டும் தான் டேக்கோ பின் இருக்கணும், மத்ததுல மூணாவது பின் இடம் காலியா இருக்கணும். பாத்தா உடைஞ்ச பீஸ் மாதிரி தெரியும், அதான் சரியான பீஸ். விலை குறைச்ச ஸ்ப்ளிட்டர் சிலதுல எல்லாத்துலயும் வயர் இழுத்து விட்டிருப்பான், ரெண்டு மூணு ஃபேன் துடிப்பும் ஒரே வயர்ல கலந்து போர்டு குழம்பிடும், 1200 ஃபேன் 2100ன்னு காட்டும், அப்புறம் பூஜ்யம்னு காட்டும், ஃபேன் ஃபெயில்னு பீப் அடிக்கும். அப்படி ஒண்ணு மாட்டிகிட்டா தூக்கி போடாத, குண்டூசியால மூணாவது பின்னோட சின்ன நாக்கை அழுத்தி வயரை வெளிய இழுத்துட்டு டேப் சுத்தி விடு, ஒண்ணுல மட்டும் விட்டு வை. இதுல ஒரு குறை இருக்கு, டேக்கோ இல்லாத ஃபேன் நின்னுபோனாலும் போர்டுக்கு தெரியாது, மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சு கண்ணால பாத்துக்க வேண்டியது தான்.

சரி, இப்ப உன் சிஸ்டம். முன்னாடி இருக்கிற மூணு 3 பின் ஃபேனும் 1க்கு 3 ஸ்ப்ளிட்டர்ல போய் சிஸ் ஃபேன் 1, டிசி மோடு. பின்னாடி இருக்கிற கேபினெட் ஃபேனை கழட்டிடு, அந்த இடத்துல நீ வாங்கின பிடபிள்யூஎம் ஃபேன் ஒண்ணை போடு, இன்னொண்ணை மேல போடு, ஆனா மேல பின்பக்கம் ஒட்டினாப்ல இருக்கிற ஓட்டையில. இந்த ரெண்டும் 1க்கு 2 ஸ்ப்ளிட்டர்ல போய் சிஸ் ஃபேன் 2, பிடபிள்யூஎம் மோடு. கழட்டின ஃபேனை துடைச்சு கேபினெட் டப்பாவுக்குள்ள போட்டு வை, முன்னாடி ஒண்ணு என்னைக்காவது கடகடன்னு சத்தம் போடும்போது அதே மாடல் கையில இருக்கும்.

மேல முன்பக்கமும் ஒண்ணு போட்டா என்னன்னு கேப்ப. முன்னாடி மேல் ஃபேன் உள்ள தள்ளுற குளுந்த காத்தை சிபியு கூலர் பக்கம் போறதுக்கு முன்னாடியே அது புடிச்சு வெளிய துப்பிடும், நீயே காசு குடுத்து வாங்கின ஃபேன் உன் இன்னொரு ஃபேன் வேலையை கெடுக்கும். மூணு உள்ள, ரெண்டு வெளியன்னா உள்ள காத்தழுத்தம் கொஞ்சம் கூடவே இருக்கும், ஃபில்டர் வழியா தான் காத்து வரும், சந்து பொந்து வழியா தூசி இழுக்காது. நம்ம ஊர்ல ஜன்னல் திறந்து வச்சு சீலிங் ஃபேன் ஓடுற ரூம்ல இது ரொம்ப முக்கியம்.

மூணையும் ஒரே ஹெடர்ல, ரெண்டையும் ஒரே ஹெடர்லன்னு பிரிச்சதுக்கு காரணம் பின் கணக்கு மட்டும் இல்ல. 3 பின்னையும் 4 பின்னையும் ஒரே ஸ்ப்ளிட்டர்ல கலந்தா பிடபிள்யூஎம் மோடுல 3 பின் முழு வேகத்துல ஓடும், டிசி மோடுல ரெண்டும் அடங்கும், ஆனா பிடபிள்யூஎம் ஃபேன் குறைஞ்ச வோல்டேஜ்ல சிலது தடுமாறும். வேற வழி இல்லேன்னா டிசில போட்டு ஓட்டலாம். அதை விட முக்கியம், உள்ள இழுக்கிறது ஒரு கூட்டம், வெளிய தள்ளுறது ஒரு கூட்டம்னு இருந்தா ரெண்டுக்கும் தனித்தனி கர்வ் போடலாம்.

சிபியு ஃபேன் ஹெடர்ல கூலர் ஃபேன் மட்டும் இருக்கட்டும், அதுல கேபினெட் ஃபேனை ஒட்ட வைக்காத. சிபியு ஆப்ட்னு ஒண்ணு இருந்தா அதுவும் பெரும்பாலும் கூலரோட ரெண்டாவது ஃபேனுக்கு தான், சிபியு ஃபேன் கர்வையே காப்பி அடிக்கும்.

ஃபேன் எந்த பக்கம் திருப்பி போடுறதுன்னு தடுமாறுவ. ஸ்டிக்கரும் அதை தாங்குற நாலு கம்பியும் இருக்கிற பக்கம் காத்து வெளிய வரும் பக்கம். சந்தேகம்னா ஊதுபத்தி ஏத்தி முன் மெஷ்ஷுக்கு ஒரு சாண் தள்ளி புடி, புகை நேரா உள்ள போகணும், பின்னாடி கிரில்ல இருந்து வெளிய வரணும். நான் இதை ஒவ்வொரு சிஸ்டத்துலயும் செய்வேன், ஒரு தடவை மேல் ஓட்டை வழியா போன புகை பின் ஃபேன் விட்ட சூட்டோட மறுபடி உள்ள வந்துச்சு, சிஸ்டத்தை சுவத்துல ஒட்டினாப்ல வச்சிருந்தாங்க, ஒரு அடி தள்ளி வச்சதும் சரியாயிடுச்சு. சாம்பலை மட்டும் உள்ள கொட்டிடாத.

இனி பயாஸ். ஆசுஸ்னா க்யூ ஃபேன், ஜிகாபைட்னா ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐன்னா ஹார்ட்வேர் மானிட்டர், ஆஸ்ராக்னா ஃபேன் டாஸ்டிக்னு பேர் மாறும், உள்ள விஷயம் ஒண்ணு தான், எந்த டெம்பரேச்சரை பாத்து எத்தனை சதவீதம் ஓடணும்ங்கிறது. எல்லாரும் தப்பு பண்ற இடம் "எந்த டெம்பரேச்சர்"ங்கிறதுல. டீஃபால்ட்டா சிபியு டெம்பரேச்சர்ல இருக்கும். இப்ப வர்ற ரைசன், இன்டெல் எல்லாமே ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே ஒரு நொடில 45ல இருந்து 60க்கு குதிச்சு மறுபடி இறங்கும், சிலிக்கான் துணுக்கு சூடாகுது, கேபினெட் காத்து சூடாகல, ஆனா அஞ்சு ஃபேனும் ஊ...ன்னு ஏறி ஊ...ன்னு இறங்கும். நிலையா ஒரே சத்தம்னா காது பழகிடும், இந்த ஏத்த இறக்கம் தான் மனுஷனை பைத்தியம் ஆக்கும். அதனால கேபினெட் ஃபேன் ரெண்டு கூட்டத்துக்கும் சோர்ஸை சிஸ்டம் இல்லேன்னா மதர்போர்டுன்னு மாத்து. ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன்னு நேரம் செட் பண்ண இடம் இருந்தா ஏறுறதுக்கு அஞ்சு செகண்ட், இறங்குறதுக்கு அதை விட நிறைய குடு.

நம்பர் குடுக்கிறேன், உன் ரூமுக்கு தகுந்த மாதிரி அஞ்சு டிகிரி முன்ன பின்ன மாத்திக்கோ. முன் மூணுக்கும் 40 டிகிரி வரைக்கும் 50 சதவீதம், 50ல 70, 60ல 100. டிசில 50 சதவீதம்னா 6 வோல்ட், அதுக்கு கீழ போனா, 4, 5 வோல்ட் பக்கத்துல, நிறைய ஃபேன் கிளம்பாம உம்முன்னு துடிச்சுகிட்டு நிக்கும். பிடபிள்யூஎம் ரெண்டும் 40 வரைக்கும் 35 சதவீதம், 50ல 60, 60ல 100. ஏப்ரல் மே மாசம் ரூமே 36, 37ல இருக்கும், வெளிய இருக்கிற காத்தை விட கேபினெட் உள்ள குளுந்து இருக்க வாய்ப்பே இல்ல, அதனால 30 டிகிரில இருந்து ஏறுற மாதிரி வெளிநாட்டுக்காரன் போட்ட கர்வை அப்படியே காப்பி அடிச்சா இங்க நாள் பூரா கத்தும்.

சத்தக் கணக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ஒரே மாதிரி ஃபேன் இன்னொண்ணு சேத்தா சத்தம் சுமார் 3 டெசிபெல் தான் கூடும், ஆனா வேகத்தை பாதியாக்கினா சுமார் 15 டெசிபெல் குறையும். அதான் மூணு ஃபேன் 600ல ஓடுறது ஒரு ஃபேன் 1200ல ஓடுறதை விட எவ்வளவோ நிம்மதி. ரெண்டு ஃபேன் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல ஓடி வூம் வூம்னு அலை மாதிரி ஒரு முனகல் வந்தா ஃபேன் கெட்டுப்போகல, ரெண்டு சத்தமும் ஒண்ணோட ஒண்ணு மோதுது, ஒரு கூட்டத்தை அஞ்சு சதவீதம் ஏத்தியோ இறக்கியோ விடு, போயிடும்.

நீ கேம் ஆடுறவன்னா ஒரு பிரச்சனை பாக்கி. கேம்ல சூடு பூரா கிராஃபிக்ஸ் கார்டுல (ஜிபியு), பெரும்பாலான பயாஸுக்கு கார்டோட டெம்பரேச்சர் தெரியாது. விண்டோஸ்ல ஃபேன் கன்ட்ரோல்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சிபியுக்கு ஒரு கர்வ், ஜிபியுக்கு ஒரு கர்வ் போட்டு, மிக்ஸ்ங்கிறதுல மேக்ஸ் குடுத்தா எது அதிகம் கேக்குதோ அதுக்கு ஃபேன் ஓடும். 2025ல இது மாதிரி சாஃப்ட்வேர் யூஸ் பண்ற ஒரு பழைய டிரைவரை விண்டோஸ் டிஃபெண்டர் வைரஸ் மாதிரி பிடிச்சு உள்ள போட்டுச்சு, நிறைய பேருக்கு திடீர்னு கன்ட்ரோல் போச்சு, அதனால போட்டா புது வெர்ஷனா போடு, பயாஸ் கர்வை மட்டும் ஒழுங்கா வச்சிரு, சாஃப்ட்வேர் படுத்தாலும் அது தாங்கணும். லினக்ஸ்ல எல்எம் சென்சார்ஸ் போட்டு பிடபிள்யூஎம் கான்ஃபிக் ஓட்டினா ஒவ்வொரு ஃபேனா நிறுத்தி பாத்து எது எந்த ஹெடர்னு அதுவே சொல்லும்.

லைட் வயர் பத்தி நீ கேக்கல, இருந்தாலும். உன் புது ஃபேன்ல ஏஆர்ஜிபி (ஒவ்வொரு லைட்டையும் தனித்தனி கலர்ல காட்டுறது) இருந்தா அது 5 வோல்ட், நாலு ஓட்டையில ஒண்ணு அடைச்ச மாதிரி 3 பின் இருக்கும். போர்டுல 12 வோல்ட் ஆர்ஜிபி ஹெடரும் இருக்கலாம், அதுல வரிசையா நாலு பின். மாத்தி அழுத்தி சொருகினா லைட் அந்த நிமிஷமே போயிடும்.

மோலெக்ஸ் பக்கத்துல அந்த சின்ன 3 பின் இல்லவே இல்லேன்னா, ரெண்டே வயர் தான் வருதுன்னா, 3 பின் ஹெடர்ல இருந்து மோலெக்ஸுக்கு மாத்துற சின்ன அடாப்டர் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினா மாட்டும், அதை போட்டா டிசி மோடுல வேகம் குறையும், ஆர்பிஎம் மட்டும் காட்டாது. ஒரு காலத்துல நாங்க மோலெக்ஸ்ல பின்னை மாத்தி மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவுல ஃபேனை போட்டு 7 வோல்ட்ல ஓட்டுவோம், 12ல 5 போனா 7, நீ அதெல்லாம் பண்ணாத. என்னைக்காவது ஹப் வாங்கி சாட்டா வயர் பத்தலைன்னு மோலெக்ஸ் டு சாட்டா அடாப்டர் போட்டா, வயர் முனையில பிளாஸ்டிக் உருக்கி வார்த்த டைப் வாங்கிடாத, உள்ள ஷார்ட் ஆகி எரிஞ்ச கதை நிறைய.

பேனலை கழட்டி அந்த ஃபேன் வயர் முனையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கூடவே ஃபேன் ஸ்டிக்கரும் போர்டு மாடல் பேரும் தெரியிற மாதிரி. சனிக்கிழமை வரைக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்க வேணாம், பாத்துட்டு எந்த நீளம் வேணும்னு சொல்றேன்.